பார்க்கில் ஒன்பது கூடைகள்

தொண்ணூற்று நாலாம் ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் கட்டிலில் விழுந்த அம்பலவாணன் வைகாசி பாதி போகும்வரை வீட்டுக்கு வெளியே காலடி வைக்கவில்லை. இங்கிலீஷ்காரரின் ஊரான சட்டனில் ஒரு பார்க்கைப் பார்த்தபடி நிற்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவர்களுடைய ஃபிளாட். ஒரு படுக்கையறை, ஒரு ஹோல், சமைக்க இரண்டு பேர் நின்றால் முட்டுப்படுகிற ஒரு குசினி. அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே அவருடைய நடமாட்டம் குறைந்து குறைந்து, கடைசியில் கட்டிலும் குளியலறையும் என்றாகிவிட்டது.

அவருக்கு ஒரு காயமும் படவில்லை. அதுதான் மற்றவர்களுக்கு விளங்காத விஷயம். அவர் ஒரு பெற்றோல் ஷெட்டில் கல்லாவில் நிற்பவர். பொங்கலன்று மாலை நாலரை மணிக்கு, பொழுதுபட்டுக்கொண்டிருந்த நேரம், தொப்பி போட்ட ஒருவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கத்தியை நீட்டினான். அம்பலவாணன் இரண்டு கைகளையும் உயர்த்தினார். அவன் இருந்ததை வாரிக்கொண்டு போய்விட்டான். எல்லாம் இரண்டு நிமிஷம். பொலிஸ் வந்தது, எழுதியது, போனது. முதலாளி தோளில் தட்டி, நாளைக்கு வா என்றார். அவரும் போனார். மறுநாள் கதவில் மணி அடித்ததும் அவருடைய கைகள் தாமாகவே மேலே போயின. வந்தது பால் வாங்க வந்த ஒரு கிழவி. அவள் பயந்து கத்த, இவர் கையை இறக்க முடியாமல் நிற்க, முதலாளி வந்துதான் ஒவ்வொரு கையாகப் பிடித்து இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து படுத்தவர்தான்.

"ஆமியின்ர செக்பொயின்ற் எத்தினையைக் கடந்து வந்த ஆள். ஒரு பொடியன் கத்தியைக் காட்டினதுக்கு இப்பிடிப் போய்ப் படுக்கிறதோ?" என்று அவருடைய ஒன்றுவிட்ட தமையன் தில்லையம்பலம் கிங்ஸ்பரியிலிருந்து ஃபோனில் கேட்டார். அம்பலவாணனின் மனைவி கனகாம்பிகை ஃபோனைப் பட்டென்று வைத்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது. ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படம் கீறுகிறவராக இருந்தவர். வாய்க்கால் எங்கே சரியும், மதகு எங்கே நிற்கும் என்று மயிரிழை பிசகாமல் கோடு போட்டவர். பயந்த மனிதரில்லை. கலியாணம் கட்டிய இருபது வருஷத்தில் அவர் கை நடுங்கி அவள் பார்த்ததில்லை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஒருவருக்கு ஒருவர்தான் பேச்சுத் துணை. இப்போது அந்தப் பேச்சும் போய்விட்டது.

பங்குனியில் ஒருநாள் அவள் சோற்றுக் கோப்பையை நீட்டியபோது அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டார்:

"நான் இருந்து ஆருக்குப் பிரயோசனம், கனகம்?"

கோபமில்லை, அழுகையில்லை. தண்ணீர் கேட்பதுபோலத்தான் கேட்டார். கனகாம்பிகை கோப்பையைக் கீழே வைத்தாள். அன்றைக்கே டொக்டர் கொடுத்த மாத்திரைப் போத்தலை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தாள். வேளைக்கு இரண்டை மட்டும் தன் கையால் எடுத்துக் கொடுத்தாள்.

அவள் ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை செய்தாள். காலை ஆறு மணி ஷிப்ட். கைகள் கட்டில் விரிப்பை மடிக்கும், மனம் வீட்டைச் சுற்றும். பத்து மணி இடைவேளையில் நடையிலிருந்த ஃபோனுக்கு ஓடுவாள். அவரோ எடுத்துப் பேசமாட்டார். ஆகவே இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். "நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். எடுத்து வைச்சாக் காணும்," என்று சொல்லியிருந்தாள். மறுமுனையில் ரிசீவர் எடுபட்டு வைபடும் அந்தச் சத்தம் கேட்கும்வரை அவள் மூச்சு விடமாட்டாள். சில நாள் இருபது தரம் மணி அடிக்கும். அந்த இருபதுக்குள் அவள் செத்துப் பிழைப்பாள்.

வைகாசி மாதம் கவுன்சில் ஆட்கள் வந்து பார்க்கில் இரும்புத் தூண்களை நட்டார்கள். ஒவ்வொரு தூணின் தலையிலிருந்தும் சங்கிலிகள் குஞ்சம்போலத் தொங்கின. அவற்றின் கீழே வட்டமாக ஒரு கம்பிக் கூடை. குப்பை போடத்தான் இந்தப் புதுமை என்று கனகாம்பிகை நினைத்தாள். கீழ் ஃபிளாட்டில் இருக்கும் பெர்னடெற்தான் வாசலில் நட்டிருந்த பலகையை வாசித்துச் சொன்னாள். பெர்னடெற் மன்னார்க்காரி, அவளோடு லோண்டரியில் வேலை செய்பவள், கொன்வென்ற்றில் படித்தபடியால் இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு.

"டிஸ்க் கோல்ஃபாம், அக்கா. பந்துக்குப் பதிலாத் தட்டு. சிமெந்துத் தளத்தில நிண்டு எறியிறது, விழுந்த இடத்தில நிண்டு திரும்ப எறியிறது. கூடைக்குள்ள போட எத்தினை எறி எண்டு பாக்கிறது. மொத்தம் ஒன்பது கூடை. தேத்தண்ணிக் கடையில தட்டு இரவல் குடுக்கினமாம்."

"வேலையில்லாதவைக்கு விளையாட்டு," என்றாள் கனகாம்பிகை.

ஆனால் ஒரு கிழமை கழித்து அவள் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது, கட்டில் வெறுமையாக இருந்தது. குளியலறைக் கதவைத் தள்ளினாள், அங்கேயும் இல்லை. பார்த்தால், அவர் ஹோலில், யன்னலோரமாகக் கதிரையை இழுத்துப்போட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்தைப் பாக்காமல் எறியிறாங்கள்," என்றார்.

நாலு மாதத்தில் அவராக வாய்திறந்து சொன்ன இரண்டாவது வசனம் அது. கனகாம்பிகை பையைக் கீழே வைக்கவும் பயந்தாள், சத்தத்துக்கு அவர் திரும்பவும் உள்ளே போய்விடுவாரோ என்று.

"அப்ப நீங்கள் வந்து எறிஞ்சு காட்டுங்கோவன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் விடவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டாள். கெஞ்சினாள். தேத்தண்ணிக் கடைக்காரனிடம் இரண்டு தட்டுகளை இரவல் வாங்கிவந்து, அவர் கண்ணில் படுகிற மாதிரி மேசையில் வைத்தாள். கடைசியில், மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிறு காலையில், பார்க்கில் ஈ காக்கை இல்லாத நேரம் பார்த்து, அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். ஒவ்வொரு படியிலும் நின்றார். அவள் பின்னாலேயே, அவர் முதுகைத் தொடாமல், ஆனால் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் இறங்கினாள்.

முதலாவது கூடை வாசலுக்குப் பக்கத்தில். அவர் ஒரு புல்லைப் பிடுங்கி மேலே போட்டு, அது எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். பிறகு தட்டைச் சற்றுச் சரித்துப் பிடித்து எறிந்தார். அது வலப்பக்கமாகப் போய், இனித் தவறிவிட்டது என்று அவள் நினைத்த இடத்தில் வளைந்து திரும்பி, கூடைக்கு நாலு முழம் தள்ளி இறங்கியது. இரண்டாவது எறியில் சங்கிலிகள் கலகலத்தன. அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அப்படியே நின்றார்.

"இன்னுமொண்டு எறிவமோ?" என்று அவள் கேட்டாள்.

"ம்."

அன்றைக்கு மூன்று கூடை. அடுத்த ஞாயிறு ஐந்து. ஆனி மாதம் வந்தபோது ஒன்பதையும் சுற்றி வந்தார்கள். கனகாம்பிகை தன் ஓய்வு நாட்களையெல்லாம் மாற்றி மாற்றி எடுத்தாள். வேலை நாளில் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடிவந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் அவரோடு இறங்கினாள். யாராவது கூட்டமாக வந்தால் அவர் மரங்களுக்குள் ஒதுங்கி நிற்பார். அவர்கள் போனபின்தான் வெளியே வருவார். பிறகு பிறகு ஒதுங்குவது குறைந்தது. ஆடியில் ஒருநாள், எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரனுக்குத் தலையை ஆட்டி "குட் ஆஃப்ரர்நூன்" என்றார். அந்த வார்த்தையை அவள் இரவிலே படுத்திருந்து திரும்பத் திரும்ப நினைத்தாள்.

அவளுக்கு எறிய வராது. அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "மணிக்கட்டைச் சுழட்டும். கையாலை இல்லை, இடுப்பாலை எறியும்." ஒருநாள் அவளுடைய தட்டு நேராக மேலே போய் ஒரு மரத்தில் செருகிக்கொண்டது. அதை விழுத்த அவள் தன் சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள். சப்பாத்தும் தட்டுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். அம்பலவாணன் சிரித்தார். சத்தமாக, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை. அவள் ஒற்றைச் சப்பாத்தோடு வீட்டுக்கு வந்தாள். வந்து, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள்.

சந்தோஷத்தில்தான் அழுதாள். ஆனால் பயமும் அதற்குள்ளேயே இருந்தது. இந்த ஒன்பது கூடைகளும் இல்லாவிட்டால் இவர் என்ன ஆவார்? மழை பெய்தால் அவருக்கு முன் அவள் அந்தரப்பட்டாள். தலையிடித்தாலும் காய்ச்சலென்றாலும் இறங்கினாள். கிணற்றுக்குள் விழுந்தவனுக்குக் கிடைத்த கயிறு. பிடித்திருப்பவர் அவர், மேலே நின்று இழுப்பவள் இவள். கை எரிகிறதென்று விடமுடியுமா?

புரட்டாதியில் ஒரு புதன்கிழமை. அன்று லோண்டரியில் இரண்டு பேர் வராதபடியால் மூன்று பேருடைய வேலையை அவள் செய்திருந்தாள். பஸ்ஸும் பிந்திவிட்டது. அவர் கோட்டும் சப்பாத்தும் போட்டுக் கதவடியில் காத்திருந்தார். பார்க்கில் காற்று சுழன்றடித்தது. ஐந்தாவது கூடை, நடைபாதை வளைகிற இடத்தில், ஒரு பெரிய மரத்துக்கு அப்பால் இருந்தது. அங்கே எறிவதற்கு முன் நடந்துபோய்ப் பாதையில் ஆள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் எப்போதும் பார்ப்பார். அன்று அவள் முறை. கால் வலித்தது. அவள் போய்ப் பார்க்கவில்லை.

"பொறும், காத்து—" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. தட்டு அவள் கையை விட்டுப் போய்விட்டது.

மரத்துக்கு அப்பாலிருந்து ஒரு அலறல் கேட்டது. ஒரு நாய் குரைத்தது.

அவள் ஓடினாள். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரி பாதையில் இருந்துகொண்டு முகத்தைப் பொத்தியிருந்தாள். விரல்களுக்கு இடையால் இரத்தம் வழிந்து கோட்டில் சொட்டியது. கண்ணாடி இரண்டாக உடைந்து கிடந்தது. "சொறி, சொறி, சொறி," என்பதைத் தவிரக் கனகாம்பிகைக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. தன் சால்வையை எடுத்து அமத்தப் போனாள். கிழவி அவள் கையைத் தட்டிவிட்டாள். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். யாரோ அம்புலன்ஸுக்கு ஓடினார்கள். பார்க் காவலாளி வந்து, யார் எறிந்தது என்று உரத்துக் கேட்டான்.

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். அம்பலவாணன் மரத்தடியில் முழங்காலில் இருந்தார். இரண்டு கைகளும் தலைக்குமேலே உயர்ந்திருந்தன.

"இஞ்சேருங்கோ, கையை இறக்குங்கோ! நீங்கள் ஒண்டும் செய்யேல்லை! நான்தான்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அவர் அவளைப் பார்த்தார், ஆனால் அவளைக் காணவில்லை. காவலாளி ஒன்றும் புரியாமல் விழித்தான். அவள் முழங்காலில் இருந்து, ஒவ்வொரு கையாகப் பிடித்து, பிள்ளைக்குச் செய்வதுபோல மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிரவே அவர் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். முன்பாவது சோற்றில் பாதி தின்றார். இப்போது தேத்தண்ணீர் மட்டும். ஃபோன் அடித்தால் எடுத்து வைப்பதும் நின்றுபோயிற்று. கனகாம்பிகை பத்து மணிக்கு மணி அடிக்கவிட்டுக் காத்திருந்து, பிறகு மேற்பார்வையாளரிடம் பொய் சொல்லி பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடிவந்தாள். அவர் படுத்தபடியே இருந்தார். அவள் மூச்சைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடினாள். ஒரு கிழமையில் மூன்று தரம் இப்படி. நாலாவது தரம் மேற்பார்வையாளர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

இரண்டாம் கிழமை பார்க் வாசலில் கவுன்சில் ஒரு அறிவித்தல் ஒட்டியது. பெர்னடெற் அதை வாசித்துவிட்டுக் கனகாம்பிகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லு பிள்ளை."

"ஆளுக்குக் காயம் பட்டபடியால் விளையாட்டை நிப்பாட்டீட்டினமாம். ஐப்பசி பன்னிரண்டாம் திகதி கூடையளைக் கழட்டப் போயினமாம், அக்கா."

காயம் பட்டவளின் பெயர் மிஸிஸ் ப்றிச்சட். பார்க்குக்குப் பின்தெருவில் வீடு. கனகாம்பிகை விடியத் தொடக்கம் நின்று பற்றீஸ் பலகாரம் பொரித்து, ஒரு பெட்டியில் அடுக்கி, பெர்னடெற்றையும் கூட்டிக்கொண்டு போனாள். கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. கிழவியின் புருவத்தில் ஆறு தையல். கண்ணின் வெள்ளை இன்னும் சிவந்திருந்தது.

பெர்னடெற் தன்மையாகச் சொன்னாள்: இவதான் எறிஞ்சவ. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறா. இவவின்ர புருஷன் சுகமில்லாதவர், அந்த விளையாட்டு ஒன்றுதான் அவரைக் கட்டிலால் எழுப்பினது. நீங்கள் கவுன்சிலுக்கு ஒரு சொல் எழுதினால்...

கிழவி கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். பெர்னடெற் திரும்பி வரும் வழியில்தான் அதைத் தமிழில் சொன்னாள்.

"உன்ர மனுசனுக்காகக் கவலைப்படுறன் எண்டு சொன்னா. ஆனா ஒரு விரல் கீழ பட்டிருந்தா எனக்குக் கண் போயிருக்கும், இப்ப நாயைக் கூட்டிக்கொண்டு வெளியில போகவே கால் நடுங்குது, எனக்கும் பயம்தான் எண்டு சொன்னா. தான் எழுதமாட்டாவாம்."

கனகாம்பிகைக்கு அவள்மேல் கோபப்பட முடியவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். தன் கை எறிந்தது. தன் கால் வலிக்கிறதென்று நடக்காமல் விட்டது. ஒரு பயந்த மனிதருக்கு மருந்தாக இருந்ததை எறிந்து உடைத்து, இன்னொரு மனுஷியையும் பயப்படுத்தி வைத்தாயிற்று.

அப்படியும் அவள் ஓயவில்லை. பெர்னடெற்றைக் கொண்டு ஒரு மனு எழுதுவித்து, கட்டடத்தின் ஒவ்வொரு கதவிலும் தட்டினாள். தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் போனாள். சிலர் கையெழுத்து வைத்தார்கள். சிலர், "கவுன்சிலோட எங்களுக்கேன் தனகல், சண்டை?" என்றார்கள். தில்லையம்பலம் ஃபோனில், "விசர் வேலை பாக்காதை, அவனைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ," என்றார். முப்பத்தொரு கையெழுத்தோடு கவுன்சில் கந்தோருக்குப் போய் வரிசையில் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கடதாசியை வாங்கி, சிரித்து, ஒரு தட்டத்தில் போட்டாள். பதில் வரவில்லை.

ஐப்பசி பன்னிரண்டு. அவள் வேலைக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்கு லொறி வந்தது. அவள் யன்னலடியில் நின்று பார்த்தாள். இரண்டு பேர் இறங்கினார்கள். முதலாவது கூடையைக் கழற்றி லொறியில் போட்டபோது சங்கிலிகள் சரிந்து எழுப்பிய சத்தம் மேலே கேட்டது. படுக்கையறையில் அவர் அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. அவர்கள் நாலாவதை நோக்கிப் போனபோது கனகாம்பிகை கோட்டும் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

என்ன செய்யப் போகிறோம் என்று அவள் யோசிக்கவில்லை. ஐந்தாவது கூடைக்குப் போய், அந்த இரும்புத் தூணை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஈரப் புல்லில் இருந்துவிட்டாள்.

ஆட்கள் வந்தார்கள். ஒருவன் நரைத்த தாடிக்காரன், மற்றவன் உயரமானவன். தாடிக்காரன் குனிந்து பரிவாக ஏதோ கேட்டான்.

"நோ. பிளீஸ். மை ஹஸ்பண்ட். பிளீஸ்."

"லவ், இது எங்கட வேலை," என்கிற மாதிரி ஏதோ சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். நெற்றி இரும்பில் முட்டியது. "மை ஹஸ்பண்ட், மை ஹஸ்பண்ட்," என்பதே திரும்பத் திரும்ப வந்தது. பிறகு அதுவும் போய்த் தமிழாகிவிட்டது. "அவர் செத்துப்போவார். விளங்குதே? நான்தான் எறிஞ்சனான், என்னைக் கொண்டுபோய் மறியல்ல பூட்டி வையுங்கோ, இதை விடுங்கோ!" உயரமானவன் காவலாளியைக் கூப்பிடப் போனான். நாய்களோடு வந்தவர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள்.

தெருவில் ஒரு கார் நீளமாக ஹோர்ன் அடித்தது. அவள் நிமிர்ந்தாள்.

அம்பலவாணன் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். இடுப்பில் சாரம், அதற்கு மேலே ஒரு ஸ்வெற்றர், காலில் வீட்டுச் செருப்பு. வெட்டாத தாடி. ஐப்பசிக் குளிரில் சாரம் காலோடு ஒட்டிக்கொண்டு அடித்தது. வாசலில் ஒரு தரம் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் வந்தார்.

தாடிக்காரனைக் கண்டதும் அவருடைய கைகள் உயரத் தொடங்கின. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெஞ்சு மட்டத்துக்கு வந்ததும் அவர் ஒரு கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். அப்படியே பிடித்தபடி, நடுங்குகிற ஆங்கிலத்தில் சொன்னார்: "ஷீ இஸ் மை வைஃப், சேர். கிவ் அஸ் ஃபைவ் மினிற்ஸ், பிளீஸ்."

தாடிக்காரன் தலையாட்டிவிட்டு, லொறியடிக்குப் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான்.

"எழும்பும், கனகம்."

"ஏலாது."

"இது அவையின்ர சாமான். கொண்டு போகட்டும்."

"இது போனா நீங்கள்..." அவள் தூணை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அவர் அவளுக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் இருந்தார். மூச்சு வாங்கியது.

"என்ன, நான் செத்துப்போவன் எண்டு நினைச்சீரோ?"

அவள் அந்தச் சொல்லை இத்தனை மாதமும் அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தாள். அதை அவரே எடுத்து வெளியில் வைத்துவிட்டார்.

"ஓம்," என்றாள்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான்." சாரத்தைக் காலோடு சேர்த்து இழுத்துப் பிடித்தார். "கத்திற சத்தம் கேட்டு எழும்பிப் பாத்தன். ஆரோ ஒரு பொம்பிளை தூணைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுகிறா. ஆர் பெத்த பிள்ளையோ எண்டு நினைச்சன், கனகம். பிறகுதான் உம்மட சட்டை தெரிஞ்சது. நான் அங்க கிடந்தா உம்மை ஆர் எழுப்பிறது?"

"நான்தானே எறிஞ்சது. நான் போய்ப் பாத்திருந்தா..."

"ஓம். நீர் பாத்திருக்க வேணும்," என்றார் அவர். "காத்தையும் பாத்திருக்க வேணும்."

அவளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்து, இரண்டும் புரைக்கேறியது. அவர் அவளுடைய விரல்களைத் தூணிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். அவை குளிரில் விறைத்துப்போயிருந்தன.

அவர்கள் எழுந்து போனபின் ஆட்கள் அந்தக் கூடையையும் கழற்றினார்கள். மத்தியானத்துக்குள் ஒன்பதும் போய்விட்டன.

அன்றைக்கு நடந்ததால் அவர் எழும்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. தெருவைக் கடந்துவந்த அந்த ஐந்து நிமிஷத்துக்கு அவர் மூன்று நாள் கட்டிலில் கிடந்து விலை கொடுத்தார். கனகாம்பிகை பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள். நாலாம் நாள் டொக்டரிடம் போகவேண்டிய முறை. வழக்கமாக அவளும் பெர்னடெற்றும்தான் போய், அவர் எப்படி இருக்கிறார் என்று சொல்லி மாத்திரை எழுதுவித்து வருவார்கள். இந்தமுறை அவரும் வந்தார். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்திருந்தார்.

டொக்டர் வழக்கம்போலக் கனகாம்பிகையைப் பார்த்தே கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். அம்பலவாணன் அவள் முழங்கையைத் தொட்டார்.

"நான் சொல்லுறன்," என்றார்.

அவர் ஆங்கிலத்தில் பேசினார். மெதுவாக, நடுவில் நின்று நின்று. அவளுக்குப் பாதிதான் விளங்கியது. "நைஃப்" என்று ஒரு தரம் சொன்னார். "அஃப்ரெய்ட்" என்று பல தரம் சொன்னார். "மை வைஃப்" என்று சொல்லும்போது அவளைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்தார். டொக்டர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார். வெளியே காத்திருந்தவர்கள் இருமினார்கள், கதவைத் தட்டினார்கள். டொக்டர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் இன்னொரு டொக்டருக்குக் கடிதம் எழுதி, தானே ஃபோன் எடுத்து, அந்தக் கிழமைக்குள் வரச்சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "என்ன சொன்னனீங்கள்?"

"எல்லாம்."

கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். அங்கே அவரைப்போல நாலைந்து பேர் வட்டமாக இருந்து கதைப்பார்களாம். அதில் ஒருவர் பஸ் சாரதி, ஒருவர் தீயணைக்கிறவர். "அவையும் பயந்துதான் போச்சினம்," என்று ஒருநாள் அதிசயமாகச் சொன்னார். மனம் பாரமில்லாத நாட்களில் இருவரும் பார்க்கைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். பாரமான நாட்களும் வந்தன. கார்த்திகையில் ஒரு முழுக்கிழமை அவர் ஒன்றும் பேசவில்லை. அவளும் பழையபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள்.

மார்கழியில் ஒரு காலை, ஐந்து மணிக்கு, அவள் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். படுக்கையறையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"கனகம்."

"என்னப்பா?"

"இண்டைக்கு எனக்குச் சரியில்லை. என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதேயும்."

அவள் சப்பாத்தைக் கழற்றினாள். லோண்டரிக்கு ஃபோன் எடுத்து, பொய் சொல்லாமல், புருஷனுக்குச் சுகமில்லை, நான் வரேல்லை என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு தேத்தண்ணீருக்குத் தண்ணீரைச் சுடவைத்துவிட்டு, உள்ளே போய், அவர் தலைமாட்டில் விளக்கைப் போட்டாள்.